ஆறு தாடிகளும் ஓர் அலமாரிக் கதவும்

பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஓவியம் இல்லை. சமையலறை அலமாரியின் கதவு ஒன்று இருந்தது.

நல்ல கதவுதான். எழுபது சென்டிமீட்டர் உயரம், ஐம்பது அகலம், இளம்பச்சைப் பெயின்ட், பித்தளைக் குமிழ். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வியன்னாவில் நடக்கும் ஓவியக் கண்காட்சிக்கு அதை அனுப்பிவைக்க முடியாது.

"அனுப்பலாம் மேடம்," என்றான் பாண்டெலிஸ். "போன வருஷம் ஏதென்ஸ்ல ஒருத்தன் வெறும் ஏணியைச் சுவத்துல சாத்தி வெச்சுப் பரிசு வாங்கிட்டான். இதுல குமிழ் வேற இருக்கு."

எவாந்தியா அவனை ஒரு பார்வை பார்த்தாள். சீரோஸ் தீவின் ஒரே துப்பறிவாளர் அவள். இருபத்திரண்டு வருஷம் துறைமுகச் சுங்கத்தில் மற்றவர்களின் பெட்டிகளைத் திறந்தே காலம் தள்ளியவள். ஒலிவ எண்ணெய் டின்னில் சிகரெட்டும், சிகரெட் அட்டைப்பெட்டியில் உயிருள்ள கிளியும் பார்த்தாகிவிட்டது. வேலையை விட்டு இந்தத் தொழிலுக்கு வந்தபோது, அவளுக்குக் கீழே இருந்த பாண்டெலிஸும் கூடவே வந்துவிட்டான். வயது நாற்பத்திரண்டு. எடையைச் சொன்னால் கோபித்துக்கொள்வான்.

ஓவியத்துக்குச் சொந்தக்காரி ஆசிமினா தரையில், பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கோயில்களுக்குத் திருப்படம் வரைகிறவர்கள் செய்வதையெல்லாம் அவளும் செய்வாள். பலகைக்குச் சுண்ணம் பூசுவாள், முட்டை மஞ்சளில் வண்ணம் குழைப்பாள், தங்கத் தாள் ஒட்டுவாள். புனிதர்களை மட்டும் வரைய மாட்டாள். அவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, அவர்கள் இருந்த இடத்தை வரைவாள். தலையில்லாத ஒளிவட்டம், ஆளில்லாத வளைவு, தேவதை பறந்து போனபின் மிச்சமிருக்கும் குவிமாடம்.

வியன்னாக்காரர்களுக்கு அவள் பதினோரு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தாள். பத்து வருஷம் புகைப்படத்தைப் பார்த்தே வேண்டாம் என்றார்கள். இந்த வருஷம்தான், படத்தை அனுப்புங்கள், நேரில் பார்த்து முடிவு சொல்கிறோம் என்று கடிதம் வந்தது. நாளை மறுநாள் கப்பலில் போவதாக ஏற்பாடு. நேற்று மாலை கப்பல் ஊழியர்கள் நாளை காலையிலிருந்து நான்கு நாள் வேலைநிறுத்தம் என்று அறிவித்துவிட்டார்கள். இன்று நான்கு மணிக் கப்பலை விட்டால் வியன்னாவும் போச்சு, பதினோரு வருஷமும் போச்சு.

இப்போது மணி பத்தரை.

"நாலு மணிக்குக் கப்பல்ல ஏத்தணும்," என்றாள் ஆசிமினா. "இல்லேன்னா நான் வரையறதையே விட்டுடறேன். வேடிக்கைக்குச் சொல்லல."

வாசலில் அவள் கணவன் ஸ்டமாடிஸ் நின்றான். படகு இன்ஜின் பழுது பார்ப்பவன். கையில் எப்போதும் ஒரு எண்ணெய்த் துணி. "எதுக்கு இவ்வளவு கலாட்டா? குளியலறை டைல்ஸ் மாதிரி ஒரு படம். அதுக்குக் கதவே தேவலாம்."

ஆசிமினா வண்ணத் துணியை அவன் மேல் எறிந்தாள். அவன் நகர்ந்துகொண்டான். பழகிய நகர்வு.

"ஏம்மா," என்று எவாந்தியாவிடம் கேட்டான், "அந்த வேலைநிறுத்தத்தை ஒரு நாள் தள்ளிப்போட மாட்டாங்களா? ஒரே ஒரு நாள்?"

"கப்பல்காரங்க சங்கத்துல எனக்கு ஆள் இல்ல."

"சரி. சும்மா கேட்டேன்," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

எவாந்தியா கதவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "பெட்டியை எப்ப மூடினீங்க?"

"செப்டம்பர் நாலாம் தேதி. அன்னைக்கு ராத்திரியே சுத்திக் கட்டி, உள்ள வெச்சு, திருகாணி முடுக்கிட்டேன். அப்புறம் அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடலாம்னு இன்னைக்குக் காலையிலதான் திறந்தேன்."

"யாரு மேல சந்தேகம்?"

"எல்லார் மேலயும். ஊர்ல திருப்படம் வரையறவன் ஒருத்தன் விடாம எனக்கு நரகம்தான்னு சொல்லியிருக்கான்."

"நரகம்னு சொல்றவன் படத்தை உடைப்பான், இல்ல எரிப்பான். அதே அளவுல, அதே எடையில ஒரு கதவைத் தேடி எடுத்து, துணி சுத்தி, கட்டின முடிச்சை அதே மாதிரி போட்டு வெச்சிருக்க மாட்டான்." அவள் முடிச்சை முகர்ந்துகூடப் பார்த்தாள். "கப்பல்ல நல்ல சீட்டைப் பிடிக்கத் தொப்பியை வெச்சுட்டுப் போற மாதிரி வெச்சிருக்கான். திரும்பி வரப்போறவன்தான் தொப்பி வைப்பான்."

"அப்ப கதவைத் தேடி யாராவது வருவாங்கன்னு உக்காந்திருக்கலாமா?" என்றான் பாண்டெலிஸ் ஆசையுடன். பக்கத்தில் நல்ல நாற்காலி ஒன்று இருந்தது.

"இல்ல. கதவு எந்த வீட்டுதுன்னு நாம தேடப் போறோம். தூக்கு."

கதவைத் திருப்பியபோதுதான் அவனும் பார்த்தான். உள்பக்கத்தில், கண்மட்டத்தில், ஒரு தேதிக் காலண்டர் ஆணியடித்து மாட்டியிருந்தது. தினம் ஒரு தாளாகக் கிழிக்கிற ரகம். மேல் தாளில் செப்டம்பர் ஐந்து. இன்று அக்டோபர் பதினான்கு.

"தினம் காலையில இந்த அலமாரியைத் திறந்து தாளைக் கிழிக்கிறவன்," என்றாள் எவாந்தியா. "செப்டம்பர் அஞ்சாம் தேதி தாள் தெரியற வரைக்கும் கிழிச்சிருக்கான். அதுக்கப்புறம் கிழிக்க அலமாரிக்குக் கதவில்ல. பெயின்டைப் பாரு. சமையலறைக்கு யாரும் இந்தப் பெயின்ட் அடிக்க மாட்டாங்க. படகுக்கு அடிச்சது மிஞ்சியிருக்கு."

காலண்டர் அட்டையின் அடியில் விளம்பரம்: கலியோப்பி தூண்டில் கடை, துறைமுகம்.

கலியோப்பியின் கடையில் ஒரு முழ அகலத்துக்குத்தான் நடக்க இடம். கதவோடு பாண்டெலிஸ் நுழைந்ததும் இரண்டு வாடிக்கையாளர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள்.

"அந்தக் காலண்டரை நான் எல்லாருக்கும் குடுக்கறதில்ல," என்றாள் கலியோப்பி. "படகும் இருக்கணும், என்னோட சண்டையும் போட்டிருக்கக் கூடாது. அப்படி இந்த ஊர்ல ஒன்பது பேர்தான் தேறுவாங்க."

அவள் கணவாய் மீன் இரை சுற்றும் தாளில் ஒன்பது பேரை எழுதிக் கொடுத்தாள். எவாந்தியா வாங்கிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். தீவில் எவனுக்கும் ஞானஸ்நானப் பெயர் புழக்கத்தில் இல்லை; எல்லாம் பட்டப்பெயர்தான். ரேடியோ. தூங்குமூஞ்சி. ரெண்டாம் கல்யாணம். துருக்கித் தொப்பி. இப்படியே போய் கடைசியில், வாத்து.

"இவங்க பேரை எழுதுங்கன்னா..."

"பேரா? பேரெல்லாம் அவங்க அம்மாவுக்குத்தான் தெரியும். வீடு கேட்டா யாரும் காட்டுவாங்க."

சீரோஸில் எல்லா வீடும் படிக்கட்டின் உச்சியில்தான் இருக்கும். பாண்டெலிஸ் கதவை முதுகில் ஏற்றிக்கொண்டு ஏறினான். ஏறும்போது பேசினான், பேச முடியாதபோது பெருமூச்சு விட்டான்.

"மேடம், போலீஸ்காரன் கைரேகையைத் தேடறான். நாம மட்டும் ஏன் மரச்சாமானைத் தேடறோம்?"

"கைரேகை எடுக்க எனக்குத் தெரியாது. கதவு பொருந்துதான்னு பார்க்கத் தெரியும்."

வேகமாக முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் இந்தத் தீவில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, சமையலறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட முடியாது. உட்கார வேண்டும். சின்னத் தட்டில் சீமைமாதுளை இனிப்பு வரும். அதைக் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, வீட்டுக்காரிக்கு நல்வாழ்த்துச் சொல்லி, காபிக்குக் காத்திருக்க வேண்டும். வேண்டாம் என்றால் யாரோ செத்துப்போனதுபோல் பார்ப்பார்கள்.

ரேடியோ வீட்டில் அலமாரி அகலம். தூங்குமூஞ்சி வீட்டில் குறுகல். ரெண்டாம் கல்யாணம் வீட்டில் முதல் மனைவியும் இருந்ததால் அலமாரியைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியவில்லை. நல்லவேளையாக அதன் இரண்டு கதவுகளும் இருந்தன. துருக்கித் தொப்பி வீட்டில் அலமாரிக்கு ஒரு கதவைக் காணோம். பாண்டெலிஸ் கதவை வைத்துப் பார்த்தான். ஒரு சாண் குறைந்தது.

"எங்க கதவு போய் இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு," என்றார் வீட்டுக்காரர். "பரவால்ல, இதையே வெச்சுட்டுப் போங்க. குறைஞ்சா என்ன."

கதவை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வருவதற்குள் மேலும் ஒரு காபி ஆகிவிட்டது.

எட்டாவது வீட்டில் பாண்டெலிஸ் அத்திப்பழ இனிப்பைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் முறையாக, கண்ணை மூடிக்கொண்டான். மணி இரண்டேகால். எட்டு வீட்டிலும் கதவு பொருந்தவில்லை.

"ஒண்ணு பாக்கி இருக்கு," என்றாள் எவாந்தியா வீட்டுக்காரியிடம். "வாத்துன்னு ஒருத்தர். யார் அவரு?"

"வாத்தா? மூணு தடவை துறைமுகத்துல விழுந்தும் முழுகாம வந்தானே அவன். இன்ஜின் ரிப்பேர் பண்றவன்." வீட்டுக்காரி காபிக் கோப்பையை எடுத்தாள். "உங்களைக் கூப்பிட்டாளே அந்தப் படம் வரையறவ, அவ புருஷன்தான்."

பாண்டெலிஸ் மெல்ல எழுந்து கதவை முதுகில் ஏற்றினான். "காலையில கீழ் வீட்டுலேருந்து மாடிக்கு ஏறியிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். பதினாலு படி. நான் எண்ணூத்து அறுபது ஏறினேன்."

ஆசிமினாவின் படக்கூடம் கீழே, வீடு மாடியில். சமையலறையில் ஸ்டமாடிஸ் மேசைமுன் உட்கார்ந்து பருப்புக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், அடுப்புக்கு மேலே, ஓர் அலமாரிக்குக் கதவு இருக்கவேண்டிய இடத்தில் பூப்போட்ட திரை தொங்கியது.

பாண்டெலிஸ் திரையை விலக்கிக் கதவை வைத்தான். தாயைக் கண்ட குழந்தை மாதிரி அது ஒட்டிக்கொண்டது.

எவாந்தியா, கூடவே மாடியேறி வந்த ஆசிமினாவைப் பார்த்தாள். "இந்த அலமாரிக்குக் கதவு இல்லாம நாற்பது நாளாச்சு. நீங்க கவனிக்கலையா?"

ஆசிமினா அலமாரியை உற்றுப் பார்த்தாள். "அதுக்குக் கதவு இருந்துதா?"

"உங்க சமையலறைங்க."

"நான் இங்க பிரஷ் கழுவத்தான் வருவேன். சமையல் இவன்தான்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மாறியது. "ஸ்டமாடிஸ்."

"கதவு யார் வேணா எடுத்திருக்கலாம்," என்றான் ஸ்டமாடிஸ், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நம்ம வீடு பூட்டறதே இல்ல."

எவாந்தியா அலமாரிக்குள் பார்த்தாள். பருப்பு, கொண்டைக்கடலை, வெள்ளைப் பீன்ஸ், எள் அல்வா. ஐஸ் பெட்டியைத் திறந்தாள். தக்காளி, ஒலிவக்காய், வெங்காயம்.

"முட்டை இல்லையே."

"முட்டையை நான் வண்ணத்துக்கு எடுத்துடுவேன்," என்றாள் ஆசிமினா.

"பாலாடைக்கட்டி எங்க? அதையும் வண்ணத்துக்கு எடுத்துடுவீங்களா? சீரோஸ்ல ஒரு ஆம்பளை, பாலாடைக்கட்டி இல்லாம, இறைச்சி இல்லாம, அக்டோபர் மாசம் பருப்புக் குழம்பு சாப்பிடறான். கிறிஸ்துமஸ் நோன்புக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு." அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எப்பலேருந்து ஸ்டமாடிஸ்? செப்டம்பர் அஞ்சா?"

அவன் கரண்டியால் குழம்பைக் கிளறினான்.

"செப்டம்பர் அஞ்சுல ஆரம்பிச்ச நோன்பு. ஒரு நாள் தள்ளிப்போட முடியுமான்னு காலையிலேயே கேட்டீங்க. நாளையோட முடியற கணக்கு. எதுக்கெல்லாம் நாற்பது நாள் கணக்கு? செத்தவங்களுக்கு நாற்பது. பிள்ளை பெத்தவளுக்கு நாற்பது. இந்த வீட்டுல ரெண்டும் நடக்கல. மூணாவது ஒண்ணு இருக்கு. புதுசா வரைஞ்ச திருப்படத்தைக் கோயில் பீடத்துக்குள்ள ஆசீர்வாதத்துக்காக நாற்பது நாள் வெச்சு எடுக்கறது."

கரண்டி தட்டில் விழுந்தது.

"என் படத்தைக் கோயில்லயா வெச்சே?" ஆசிமினாவின் குரல் கீச்சென்று போனது. "நான் ஒரு மெழுகுவத்தி ஏத்தியே ஆறு வருஷம் ஆகுது."

"அதான் உனக்கும் சேர்த்து நான் போனேன்," என்றான் ஸ்டமாடிஸ். "பத்து தடவை வேண்டாம்னான். பத்து தடவையும் நீ ஒரு வாரம் சுவத்தைப் பார்த்துட்டுப் படுத்திருந்தே. நான் என்ன பண்ணட்டும்? உன் படத்துல திருகாணி இருந்தா முடுக்கிக் குடுப்பேன். வியன்னாக்காரன் எவனையும் எனக்குத் தெரியாது. கோயில்ல பூசை வைக்கிற இக்னாட்டியோஸ் சாமியைத் தெரியும். நாற்பது நாள் முடிஞ்சதும் நாளைக்கு உனக்குத் தெரியாம திரும்ப வெச்சிருப்பேன். பாழாப்போன சங்கம் நாளைக்குன்னு பார்த்து..."

அவன் தட்டைத் தள்ளிவைத்தான். கோபப்படுவதா வேறு என்ன செய்வது என்று ஆசிமினாவுக்கே தெரியவில்லை என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"மணி ரெண்டே முக்கால்," என்றான் பாண்டெலிஸ். "அழறதா இருந்தா நடந்துட்டே அழலாம்."

புனித எர்மியோனி கோயில் பூட்டியிருந்தது. பக்கத்திலேயே சாமியின் வீடு; ஜன்னல் கதவுகள் சாத்தியிருந்தன. பிற்பகல் இரண்டரையிலிருந்து ஐந்து வரை இந்த ஊரில் யாரும் யாரையும் எழுப்புவதில்லை. தீப்பிடித்தால்கூட மெதுவாகத்தான் சொல்வார்கள்.

சாமியின் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, விரலை உதட்டில் வைத்தாள். "தூங்கறாரு. அஞ்சு மணிக்கு வாங்க."

ஜன்னல் மறுபடி சாத்திக்கொண்டது. எவாந்தியா மணிக்கூண்டைப் பார்த்தாள். கயிறு வெளியேதான் தொங்கியது. பிறகு பாண்டெலிஸைப் பார்த்தாள்.

"மேடம், அது பாவம்."

"ஒரு தடவை இழு. உன் எடைக்கு ஒரு தடவை போதும்."

ஒரு தடவைதான் இழுத்தான். மலையே அதிர்ந்தது. அரை நிமிஷத்தில் இக்னாட்டியோஸ் சாமி அங்கி பொத்தான் ஒன்றுக்கொன்று மாறிப் போய், காலில் மனைவியின் செருப்போடு ஓடி வந்தார்.

"யாரு செத்தது?"

"யாரும் இல்ல சாமி. ஒரு படம் வேணும்," என்றாள் எவாந்தியா.

விஷயத்தைச் சொன்னதும் அவர் கோயிலைத் திறந்தார். திறந்துகொண்டே திட்டினார், திட்டிக்கொண்டே சிலுவை போட்டுக்கொண்டார். உள்ளே போனதும் பீடத்தை மறைத்து நின்ற படச்சுவர் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இதுக்குமேல பொம்பளைங்க வரக் கூடாது."

"என் படம் சாமி," என்றாள் ஆசிமினா.

"இருக்கட்டும். மாதாவோட படமும் உள்ள இருக்கு. அதுக்காக உன்னை விடறதா?"

"ஸ்டமாடிஸ் போகட்டும்."

"அவன் போனா தூக்கிட்டு ஓடிடுவான். நாற்பது நாள் முடியாம நான் தர மாட்டேன். வேணும்னா இந்தக் குண்டு ஆள் போய் இருக்குதான்னு மட்டும் பார்த்துட்டு வரட்டும்."

வாழ்க்கையில் முதல் தடவையாகத் துப்பறிய வேண்டிய அறைக்குள் எவாந்தியாவுக்கு அனுமதி இல்லை. உதவியாளனை அனுப்பிவிட்டு வெளியே நிற்பது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பாண்டெலிஸ் வயிற்றைத் தடவிக்கொண்டே பக்கக் கதவு வழியாக உள்ளே போனான்.

"என்ன தெரியுது?" என்றாள்.

"ஏழு படம் சாத்தி வெச்சிருக்கு மேடம்," சுவருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஆறுல தாடி இருக்கு."

"ஏழாவது?"

"ஏழாவதுல ஆளே இல்ல. தங்கத்துல மூணு வளைவு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு, சுத்தின மாதிரி. அடியில முழுக்கச் செவப்பு. நடுவுல ஒரு நீலக் கோடு, கோணலா, குறுக்கால போகுது. யாரோ கை தவறிப் போட்ட மாதிரி."

"அதுதான்," என்றாள் ஆசிமினா. அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். "அந்தக் கோட்டைப் பத்தி ஏதென்ஸ் விமர்சகர் நாலு பக்கம் எழுதியிருக்காரு. மனுஷன் வானத்துக்குச் சாத்தற ஏணின்னு."

"கோணலா இருக்கே. ஏறினா விழுந்துடுவான்," என்றது சுவருக்குப் பின்னாலிருந்த குரல்.

எவாந்தியா சாமியிடம் திரும்பினாள். "எப்ப முடியுது நாற்பது?"

"செப்டம்பர் அஞ்சு மத்தியானம் கொண்டுவந்தான். நாளைக்கு முடியுது. நாளைக்கு வாங்க."

"நாளைக்குக் கப்பல் இல்ல."

"அதுக்கு நான் என்ன பண்ண? முப்பத்தொன்பது நாளைக்கு ஆசீர்வாதம்னு ஒண்ணு கிடையாது. அரைவேக்காட்டுல எடுத்துட்டுப் போனா பாவம் எனக்கு."

எவாந்தியா அவர் பக்கத்தில் போய் நின்றாள். சுங்கத்தில் கப்பல் கேப்டன்களிடம் பேசுகிற குரலை எடுத்தாள். மிகவும் பணிவான குரல்.

"ஒரு சந்தேகம் சாமி. ஆண்டவர் உயிர்த்தெழுந்தது ஞாயிற்றுக்கிழமை. விண்ணேறினது எத்தனாவது நாள்?"

"நாற்பதாவது நாள். குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"விண்ணேற்றத் திருநாளை எந்தக் கிழமை கொண்டாடறோம்?"

"வியாழக்கிழமை."

"எண்ணுங்க."

சாமி விரலை மடக்கினார். ஞாயிறிலிருந்து சனி வரை ஐந்து வாரம், முப்பத்தைந்து. அடுத்த ஞாயிறு முப்பத்தாறு. திங்கள், செவ்வாய், புதன். வியாழக்கிழமையில் கை நின்றது. திரும்ப முதலிலிருந்து எண்ணினார். திரும்பவும் அங்கேயே நின்றது.

"முதல் நாளையும் சேர்த்தாத்தான் நாற்பது வருது," என்றாள் எவாந்தியா. "ஆண்டவருக்கு அப்படித்தான் எண்ணறீங்க. இப்ப செப்டம்பர் அஞ்சையும் சேர்த்து எண்ணுங்க. செப்டம்பர்ல இருபத்தாறு. அக்டோபர்ல பதினாலு."

படச்சுவருக்குப் பின்னால் பாண்டெலிஸ் விரல்விட்டு எண்ணும் முணுமுணுப்பு கேட்டது.

"இன்னைக்குத்தான்," என்றார் சாமி கடைசியில். எரிச்சல்பட்டாலும் அவருக்கு நியாயம் தெரியும். "கடைசி செபம் இருக்கு. அதை நான் குறைக்க மாட்டேன்."

அவர் குறைக்கவில்லை. மூன்றேகாலுக்குத் தொடங்கி மூன்று முப்பத்தைந்து வரை போனது. படத்தை வெளியே எடுத்து வந்து வைத்து, சாம்பிராணி போட்டு, அதன்பின் தன் நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு படத்துக்கும் அதில் இருப்பது யார் என்று பெயர் சொல்லித்தான் முடிக்க வேண்டும்.

"என்ன பேர்ல எழுதியிருக்கீங்க?" என்று ஆசிமினா கேட்டாள். அவளுக்கு அதைக் கேட்கவே பயமாக இருந்தது.

"கானா ஊர்க் கல்யாணம்," என்று, வேதத்தில் ஆண்டவர் விருந்துக்குப் போன கல்யாணத்தின் பெயரைச் சாமி படித்தார். "யாருடைய படம்டான்னு கேட்டேன். கல்யாணம்னான். ஆள் யாரையும் காணோமேன்னேன். விருந்து முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்கன்னான். சரின்னு எழுதிக்கிட்டேன். ஆனா அந்த நீலக் கோடு என்னன்னு கேட்டேன் பாரு, அதுக்கு இவன் சொன்னதை நான் நோட்டுல ஏத்தல."

எல்லாரும் ஸ்டமாடிஸைப் பார்த்தார்கள். அவன் எண்ணெய்த் துணியைப் பிழிந்தான்.

"என் டை," என்றான்.

"என்னது?" என்றாள் ஆசிமினா.

"நம்ம கல்யாணத்துக்கு நான் கட்டியிருந்த டை. ரெண்டு பேர் தலையிலயும் கிரீடத்தை வெச்சு மேசையை மூணு தடவை சுத்த விட்டாங்களே. நீ கீழயே பார்க்கல. தலையைத் தூக்கிக் குவிமாடத்தையே பார்த்துட்டு வந்தே. அது சுத்திச்சு. மூணு சுத்து, மூணு வளைவு. கீழ செவப்புக் கம்பளம். அரிசி எறிஞ்சாங்க, என் மச்சான் ஓரமா ஒதுங்கறேன்னு என் டையைப் பிடிச்சு இழுத்தான், அது சாய்ஞ்சு பறந்து உன் மூஞ்சிக்குக் குறுக்க வந்துச்சு. நீ சிரிச்சே. அதான் இது." அவன் சாமியைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "நீ வரைய ஆரம்பிச்ச முதல் வாரமே எனக்குத் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் குளியலறை டைல்ஸ்னு ஊர் பூரா சொன்னே?"

"கேக்கறவன்கிட்ட எல்லாம் என் டைன்னா சொல்ல முடியும்?"

ஆசிமினா படத்தின் பக்கம் திரும்பினாள். துறைமுகத்திலிருந்து கப்பலின் முதல் சங்கு கேட்டது.

பிறகு நடந்ததை ஓட்டம் என்று சொல்ல முடியாது. சரிவு என்று சொல்லலாம். ஸ்டமாடிஸ் படத்தைத் துணியோடு மார்பில் அணைத்துக்கொண்டு படியிறங்கினான். சாமி மனைவியின் செருப்போடு பின்னாலேயே வந்து ஆசீர்வாதம் சொல்லிக்கொண்டிருந்தார். படக்கூடத்திலிருந்த பெட்டியைப் பாண்டெலிஸ் முதுகில் தூக்கினான். கப்பலில் சரக்கேற்றும் பின்வாய்க்கு முன்னால் தரையில் உட்கார்ந்து திருகாணி முடுக்கினார்கள். கடைசித் திருகாணியை ஸ்டமாடிஸ் முடுக்கியபோது மணி மூன்று ஐம்பத்தேழு. பெட்டி உள்ளே போனது. பின்வாய் மேலெழுந்து மூடியது.

பாண்டெலிஸ் துறைமுகக் கல்லில் சாய்ந்து படுத்துவிட்டான். ஸ்டமாடிஸ் கரையோரம் போய் நின்று, யாரோ சொந்தக்காரர்கள் போகிற மாதிரி கப்பலுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தான். நான்காவது தடவையாக விழுந்துவிடப் போகிறானோ என்று கப்பல் சிப்பந்தி ஒருவன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எவாந்தியா ஆசிமினாவின் பக்கத்தில் வந்து நின்றாள். கேட்பதற்கு அவளுக்கு ஒன்றுதான் பாக்கி இருந்தது.

"தொழிலுக்காக இல்ல, சும்மா கேக்கறேன். அது உண்மையிலயே அவர் டையா?"

ஆசிமினா கப்பலையே பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள். "மூணு வருஷமா எனக்கே தெரியாது. அந்தக் கோடு இல்லாட்டி படம் நிக்கல, அவ்வளவுதான் தெரியும். எத்தனையோ தடவை அழிச்சுப் பார்த்தேன். மறுபடி அங்கயே வந்து உக்காந்துச்சு. விமர்சகர் ஏணின்னாரு, தலையாட்டினேன். ஒரு அம்மா சிலுவையோட குறுக்குக் கட்டைன்னாங்க, அதுக்கும் தலையாட்டினேன்."

"இப்ப?"

கப்பல் திரும்பியது. ஸ்டமாடிஸ் இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தான். காற்றில் அவன் சட்டைக் காலர் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. ஆசிமினா அவனை, அளவெடுக்கிறவள் மாதிரி, தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. சிரிப்பும் வந்தது.

"டைதான்," என்றாள். "வேற என்னவா இருக்கும்."